நாற்பத்தெட்டு நாள் வல்லாரைச் சாறு

என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்தபோது அவருக்கு முப்பத்தெட்டு வயது, எனக்கு இருபத்தாறு. ஜெர்மன்காரனோடு சண்டை மூள்வதற்கு முந்தின வருஷம், தை மாதம். எங்கள் ஊர் விழுப்புரத்துக்கும் கோலியனூருக்கும் நடுவில் இருக்கிறது. கொஞ்சம் நிலம் இருந்தது, ஆனால் அவர் நிலத்தில் நின்றவர் இல்லை. திண்டிவனத்து மண்டியில் மல்லாட்டைத் தரகு பார்த்தார், வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பேர் அது. திங்கட்கிழமை ரயிலேறினால் சனிக்கிழமைதான் வீட்டுக்கு வருவார்.

தரகு வேலைக்கு வாய்தான் எல்லாம். ஒரு பிடி மல்லாட்டையை அள்ளி, நாலைந்தை உடைத்து, பருப்பைக் கடித்துப் பார்த்து, இது இன்ன விலைக்குப் போகும் என்று அவர் சொன்னால் விற்பவனும் தலையாட்டுவான், வாங்குபவனும் தலையாட்டுவான். இரண்டு பேரும் தான்தான் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டு போவார்கள். வீட்டுக்கு வந்தாலும் அந்த வாய் ஓயாது. மண்டியில் யார் யாரோடு மல்லுக்கு நின்றார்கள், ரயிலில் எவன் டிக்கெட் இல்லாமல் மாட்டிக்கொண்டான் என்று நான் அரிசி களைந்து உலை வைத்து வடித்து இறக்குகிற வரைக்கும் பேசிக்கொண்டே இருப்பார். நான் பேச்சு குறைந்தவள். "வாயில என்னாடி கொழுக்கட்டையா?" என்பார். சிரிப்பேன், பதில் சொல்லமாட்டேன். பத்து வருஷம் குடும்பம் அப்படித்தான் நடந்தது. அவருக்கு அது போதுமாக இருந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

அன்றைக்கு வியாழக்கிழமை. தராசுக்குப் பக்கத்தில் நின்று விலை பேசிக்கொண்டிருந்தவர் பாதிச் சொல்லில் நிறுத்தினாராம். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. கையிலிருந்த மல்லாட்டை கீழே கொட்டியது. மூட்டை மேல் சாய்ந்து அப்படியே வழுக்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார். மண்டி ஆட்கள் இரண்டு பேர் அவரை ரயில் பெஞ்சில் படுக்க வைத்து விழுப்புரம் கொண்டுவந்து சேர்த்தார்கள். இதையெல்லாம் அவர்கள் சொல்லித்தான் தெரியும். நான் பார்த்தபோது அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தார்.

வலக்கையும் வலக்காலும் விழுந்துவிட்டன. பேச்சு போய்விட்டது. ஒன்பதாம் நாள் டாக்டர் என்னைக் கூப்பிட்டு, மூளைக்கு ரத்தம் போகிற குழாயில் அடைப்பு, உயிர் தங்கிவிட்டது, இதற்கு மேல் கொடுக்க என்னிடம் மருந்து இல்லை, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். நல்ல மனுஷர். இல்லாததை இருக்கிறது என்று சொல்லவில்லை. நான் "சரிங்க" என்றேன். அழுகை வரவில்லை. என் கைகால் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் எதைத் தொட்டாலும் ஒரு துணிக்கு மேலாகத் தொடுகிற மாதிரி இருந்தது. அந்தத் துணி வெகுநாள் விலகவில்லை.

வீட்டில் நானும் அவருடைய தங்கையும்தான். அவள் புருஷனை இழந்து எங்களோடு வந்து இருந்தவள். எங்களுக்கு ஒரு குழந்தை பிறந்து மூன்றாம் மாதம் போய்விட்டது, அதற்குப் பிறகு இல்லை. தாழ்வாரத்தில் பாய் விரித்து அவரைப் போட்டோம். ஊரார் வந்து பார்த்தார்கள், ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒருவர் புறாவோடு வந்தார். அதை அறுத்து, ரத்தம் சூடு ஆறுவதற்குள் விழுந்த கைகாலில் தேய்க்க வேண்டுமாம். தேய்த்தோம். அவர் கண்ணோரத்தில் நீர் வழிந்தது. ஈ மொய்த்தது. நாத்தனார் விசிறி எடுத்து ஓட்டினாள். எனக்கு அந்தப் புறாவும் அவரும் ஒன்றுபோல்தான் தெரிந்தார்கள். வெட்கக்கேடுதான், ஆனால் அப்போது என் மனசில் இருந்தது அதுதான்.

நாத்தனார்தான் திருவாமாத்தூரிலிருந்து வைத்தியரை அழைத்து வரச் சொன்னாள். கோயிலுக்கு மேலண்டைப் பக்கம் குடியிருந்தவர். வண்டியிலிருந்து இறங்கியதும் இரண்டு கையிலும் நாடி பார்த்தார், இமையைத் தூக்கிப் பார்த்தார், உள்ளங்காலில் குச்சியால் கீறிப் பார்த்தார். காய்ந்த ரத்தத்தைப் பார்த்து, "புறாவெல்லாம் வேண்டாம், அதுங்க பாட்டுக்கு இருக்கட்டும்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அடிச்சது அடிச்சிடுச்சிம்மா. மூளையில செத்த எடம் செத்ததுதான், அத நான் எழுப்ப முடியாது. ஆனா அதச் சுத்தி ஒரு எடம் இருக்குது பாரு, சாகவும் இல்ல, பொழைக்கவும் இல்ல. ஏரிக்கரை ஒடஞ்சா பாதி வயலு அடிச்சிக்கினு போயிடுது. மீதிப் பயிரு தண்ணியில நின்னுக்கினு இருக்குதில்ல? அந்த மீதியக் காப்பாத்தத்தான் தழை."

"பேச்சு வருமாங்க?" என்று கேட்டேன்.

"மீதி பொழைச்சா வரும். பேசியே வாழ்ந்த மனுஷன். பேச்சு வந்துட்டா மத்தது பின்னாலயே வரும்."

எனக்கு அதுதான் வேண்டும். கையும் காலும் கிடக்கட்டும், தூக்கி உட்கார வைக்க நான் இருக்கிறேன். பேச்சு வர வேண்டும்.

வல்லாரையும் நீர்ப்பிரமியும் சொன்னார். இரண்டும் எங்கள் வாய்க்கால் ஓரத்திலேயே கிடக்கிற தழைகள்தான். அன்றன்றைக்குப் பறித்து, அலசி, அம்மியில் அரைத்து, துணியில் பிழிந்து, சாற்றில் சொட்டுத் தேன் விட்டு வெறும் வயிற்றில் புகட்ட வேண்டும். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள். ஒரு நாள் விட்டாலும் முதலிலிருந்து எண்ண வேண்டும். புளி ஆகாது, கருவாடு ஆகாது, கத்தரிக்காய் ஆகாது. விழுந்த கைகாலுக்கு வாதநாராயண இலை போட்டுக் காய்ச்சிய எண்ணெய். வண்டியில் ஏறப்போனவர் நின்று இதையும் சொன்னார்:

"விடியறதுக்குள்ள குளிச்சிட்டு ஈரத்துணியோட போ. பறிக்கறப்ப வாய் தொறக்கக் கூடாது. உன் நெழலு தழை மேல விழக் கூடாது, கத்தி படக் கூடாது, நகம் படக் கூடாது. ஒரு உயிருக்காக எடுக்கறேன்னு மனசுல சொல்லிட்டுப் பறி."

பறிக்கறப்ப என்றுதான் சொன்னார். எனக்கு அப்போதும் தெரியும், இப்போதும் தெரியும். யாரும் என்னை ஏமாற்றவில்லை.

முதல் நாள் தழையை மடியில் கட்டிக்கொண்டு வாய்க்கால் வரப்பில் திரும்பி வரும்போது பக்கத்து நிலத்துக்காரர் எதிரே வந்தார். "என்னாம்மா, எப்படி இருக்குறாரு?" என்று கேட்டார். வாய் திறக்கப் போனேன், பயமாகிவிட்டது. தழை மடியில் இருக்கிறபோது பேசினால் அதன் சக்தி போய்விட்டால்? தலையை மட்டும் ஆட்டிவிட்டு நடந்தேன். வீட்டில் நாத்தனார் பால் கறந்தாயிற்று என்றாள், அதற்கும் வாய் திறக்கவில்லை. அரைத்து, பிழிந்து, சாறு அவர் தொண்டையில் இறங்கி முடிகிற வரைக்கும் பேசுவதில்லை என்று நானே வைத்துக்கொண்டேன். கட்டுப்பாடு கூடினால் பலனும் கூடும் என்று நினைத்தேன். ஒரு வேளைச் சோறு விடச் சொன்னால் இரண்டு வேளை விடுகிற ஜனங்கள் நாங்கள். மூன்று சுற்றுச் சுற்றி வா என்றால் ஒன்பது சுற்றிவிட்டு வருவோம்.

பேசாமல் இருப்பது எனக்குச் சிரமமாகவும் இல்லை. வேறு ஒருத்தியாக இருந்திருந்தால் மூன்றாம் நாளே மறந்துபோய்ப் பேசியிருப்பாள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பிறந்ததிலிருந்து என்னிடம் குறையாகச் சொல்லப்பட்ட ஒன்று இப்போது உபயோகப்படுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கிழக்கு வெளுக்கும்போது கிளம்புவேன். தண்ணீர் ஜில்லென்று இருக்கும். வல்லாரை சேற்றோடு படர்ந்து கிடக்கும், நீர்ப்பிரமி தண்ணீருக்குள்ளேயே கால் வைத்து நிற்கும். வெளிச்சம் கிழக்கில் இருப்பதால் நான் மேற்கே நின்று குனிவேன், நிழல் எனக்குப் பின்னால் விழும். நகம் படாமல் விரல் நுனியால் கிள்ளுவது பழகச் சில நாள் ஆயிற்று. வீட்டுக்கு வந்து அரைத்தால் கை முழுக்கப் பச்சை. அந்தக் கசப்பு வாசனை என் சோற்றிலும் இருந்தது. குழந்தைக்குப் பால் புகட்டின சங்கு பரணில் கிடந்தது. அதை எடுத்துக் கழுவி, அதில்தான் அவருக்குப் புகட்டினேன். டம்ளரில் கொடுத்தால் பாதி வாயோரமாக வழிந்துவிடும்.

புகட்டி முடித்த பிறகு பேசினேனா என்றால், அதிகம் பேசவில்லை. என்ன பேசுவது என்று தெரியவில்லை. "சோறு கொண்டு வர்றேன்", "வெயிலு வந்துடுச்சி, உள்ள தள்ளிப் படுங்க", அவ்வளவுதான். இத்தனை வருஷம் பேச்சு அவருடைய வேலையாக இருந்தது.

பன்னிரண்டாம் நாள் வலக்கால் பெருவிரல் அசைந்தது. இருபது நாளுக்குப் பிறகு விழுங்குவது சுலபமாகிவிட்டது, இருமல் குறைந்தது. ஆள் தெரிய ஆரம்பித்தது. நாத்தனார் எண்ணெய் தேய்க்கும்போது "பா, பா" என்று ஏதோ சத்தம் வந்தது. அவள் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். எனக்குள் ஒன்றும் நிகழவில்லை. இன்னும் எத்தனை நாள் என்று மட்டும் எண்ணினேன்.

முப்பத்தோராம் நாள். நான் சங்கில் சாற்றை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்தேன். புடவை முந்தி ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். வாய் கோணியது, உதடு இரண்டு மூன்று தரம் கூடிக் கூடிப் பிரிந்தது. பிறகு தெளிவாகச் சொன்னார்.

"குளுருதா?"

நான் நின்றுவிட்டேன். சாறு கையில் இருந்தது. இரண்டு எட்டு வைத்தால் அவர் பக்கத்தில் போய்விடலாம், அவர் குடித்தால் என் வாய்க்கட்டு முடிந்துவிடும். நாலு மடக்குதான். இப்போது பேசினால் முப்பது நாளும் வீணாகிவிடும், வந்த பேச்சும் போய்விடும் என்றுதான் தோன்றியது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடியும், கஷ்டப்பட்டு, நெற்றி நரம்பு புடைக்க, "குளுருதாடி?" என்றார். நான் தலையைக்கூட ஆட்டவில்லை. ஓடிப்போய் மண்டியிட்டேன். மூன்றாவது தரம் அவர் வாய் திறந்தபோது அதில் சங்கை வைத்தேன்.

குடித்தார். வேறு வழி இல்லை அவருக்கு. குடிக்கும்போது கண் என் மேலேயே இருந்தது. கடைசி மடக்கு இறங்கியதும் சங்கைக் கீழே போட்டுவிட்டு, "குளுருதுங்க, குளுருதுங்க" என்று கத்தினேன். "இன்னொரு வாட்டி கேளுங்க, என்னங்க, கேளுங்க" என்று தோளைப் பிடித்து உலுக்கினேன். நாத்தனார் மாட்டுக்கொட்டகையிலிருந்து ஓடிவந்தாள். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிக்கொண்டார்.

மீதிப் பதினேழு நாளும் விடாமல் பறித்தேன், அவர் வாயிலிருந்து மறுபடி ஒரு சொல்லும் வரவில்லை. அந்த நாட்களிலும் புகட்டி முடிகிற வரைக்கும் பேசவில்லை. ஆரம்பித்ததை மாற்றினால் கெட்டுவிடும் என்று இருந்தேன். இப்போது யோசித்தால் யாராவது என் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை கொடுத்திருக்கலாம். யாரும் கொடுக்கவில்லை.

மண்டலம் முடிந்ததும் திருவாமாத்தூருக்கு நானே போனேன். வைத்தியர் வாசலில் வேர் காயவைத்துக்கொண்டிருந்தார். கால் அசைகிறது, பிடித்துக்கொண்டு நிற்கிறார், விழுங்குகிறார் என்று சொன்னேன்.

"பேச்சு?"

முப்பத்தோராம் நாள் விஷயத்தைச் சொன்னேன். அவர் வேரைக் கீழே வைத்தார்.

"நீ என்னா சொன்ன?"

"நான் பேசலீங்க. சாறு கையில இருந்துது."

"சாறு கையில இருந்தா என்னா? பறிக்கறப்பதானே பேசாதன்னேன். தரைய விட்டு வந்துட்டா அது வெறும் தழைம்மா. கீரை மாதிரி." வைத்த வேரை மறுபடி கையில் எடுத்தார். பிறகு, "ஒரு பதில் சொல்லியிருந்தா அவரு இன்னொண்ணு கேட்டிருப்பாரு" என்றார்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மோர் கொடுத்தார், குடித்தேன். இனிமேல் தழை வேண்டாம், பேச்சுதான் மருந்து, அவரிடம் பேசிக்கொண்டே இரு, பேச வை, புழங்காத பேச்சு துருப்பிடித்துவிடும் என்று சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு எப்படி நடந்து வந்தேன் என்று ஞாபகமில்லை. வந்ததும் அவர் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். தழை, நிழல், நகம், மடி, பக்கத்து நிலத்துக்காரர், சங்கு. என் ஆயுசில் அவ்வளவு பேச்சு நான் பேசியதில்லை. தப்பு என்னுடையது, வீம்புக்கு வைத்துக்கொண்டது, மன்னியுங்கள் என்றேன். அவர் தலையாட்டினார். அந்த நாளில் எதற்கும் அவர் தலையாட்டுவார்.

ஆறு மாதத்துக்குப் பிறகு அவர் நாத்தனாரிடம் "தண்ணி" என்றார். நான் கொல்லையில் கேப்பை புடைத்துக்கொண்டிருந்தேன். முறத்தைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். என்னைப் பார்த்ததும் வாய் மூடிக்கொண்டது. மறுநாள் அவளிடம் "மாடு" என்றார். நான் போனேன், மூடிக்கொண்டது. ஒரு மாதம் இப்படியே நடந்தது. கோபமா என்று அவர் முகத்தை உற்று உற்றுப் பார்த்தேன். கோபமாக இருந்திருந்தால் காலில் விழுந்திருப்பேன். குளிப்பாட்டினால் கையைத் தூக்கிக் கொடுத்தார், ஊட்டினால் சாப்பிட்டார், என் முந்தியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். பேச்சு மட்டும் என் எதிரில் வரவில்லை. என்னைக் கண்டால் மூடிக்கொள்ள அந்த வாய் கற்றுக்கொண்டுவிட்டது. கற்றுக்கொடுத்தது நான்.

நாத்தனார் வைத்தியரிடம் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். வந்தவள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"அண்ணி, தப்பா எடுத்துக்காத. பேச்சு நிக்கக் கூடாதாம். பகல்ல அண்ணன் பேசற நேரத்துல நீ கொஞ்சம் வெளியில இருக்கச் சொல்றாரு."

"சரி" என்றேன்.

அதிலிருந்து காலையில் குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டிவிட்டு நான் கொல்லைப்புறம் போய்விடுவேன். தாழ்வாரத்துச் சுவருக்கு வெளியில் எனக்கு ஒரு பாய். முறம், நூல், பருப்பு உடைக்கிற கல், எல்லா வேலையும் அங்கேதான். உள்ளே பேச்சு வளர்ந்தது. தண்ணி, மாடு, மழ, வெயிலு. ஒரு வருஷத்தில் இரண்டு மூன்று சொல் சேர்ந்து வந்தது. சண்டை வந்தது, மண்ணெண்ணெய்க்கு வரிசை வந்தது, சிப்பாய்களை ஏற்றிக்கொண்டு ரயில்கள் விழுப்புரத்தில் நின்று நின்று போயின. நாத்தனார் அதையெல்லாம் அவருக்குச் சொல்வாள், அவர் "ஆங், அப்பறம்?" என்பார். பழைய குரல் இல்லை, தடித்துப்போன குரல். ஆனால் அவர்தான். நான் சுவரில் முதுகை வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பேன். குடும்பம் மறுபடி பழையபடிதான் நடக்கிறது, அவர் பேசுகிறார், நான் கேட்கிறேன் என்று சொல்லிக்கொள்வேன். அப்படிச் சொல்லிக்கொண்டதில் ஆறுதல் எதுவும் இல்லை.

ஒரு மத்தியானம் வெளியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே அவர் கேட்டார்.

"அவ… சாப்ட்டாளா?"

என்னைப் பற்றித்தான் கேட்டார். இந்தத் தரம் விடக் கூடாது என்று வாயிலிருந்ததை அவசரமாக விழுங்கிவிட்டு, சுவருக்கு இந்தப் பக்கமிருந்தே சத்தமாகச் சொன்னேன்.

"சாப்ட்டேங்க! சாப்ட்டுக்கினு இருக்கறேங்க!"

உள்ளே சத்தம் நின்றுபோனது. அதற்கு மேல் அன்றைக்கு ஒரு சொல்லும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை, தங்கையிடமும் வரவில்லை. நாத்தனாரின் கோபம் பாத்திரத்தை வைக்கிற சத்தத்தில் தெரிந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் "தண்ணி" என்றார். அதற்குப் பிறகு மெள்ள மெள்ள மற்றதெல்லாம் திரும்பி வந்தது.

ஒரு மாதம் கழித்து மறுபடியும் கேட்டார், "அவ சாப்ட்டாளா?" நாத்தனார் கொல்லை வாசற்படிக்கு வந்து என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று நான் தலையசைத்தேன். அவள் உள்ளே திரும்பி, "சாப்ட்டாண்ணா" என்றாள்.

வெள்ளைக்காரன் நாட்டை விட்டுப் போன வருஷம் வரைக்கும் அவர் இருந்தார். அநேகமாகத் தினமும் மத்தியானம் அதைக் கேட்டார். நான் சுவருக்கு இந்தப் பக்கம் தட்டோடு உட்கார்ந்து, என் சத்தம் உள்ளே கேட்டுவிடக் கூடாதென்று அவர் கேட்டு முடிக்கிற வரைக்கும் மெல்லாமல் இருப்பேன்.